ரூப்குண்ட் பாதையில் இரவு எங்கே தங்குவது?

2018 ஆகஸ்டில், நைனிடாலில் இயங்கும் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, பனிச் சரிவுகளுக்குக் கீழே விரிந்து கிடக்கும் உயர்மலைப் புல்வெளிகளைத்தான் அங்கே புக்யால் என்கிறார்கள். அந்தப் புல்வெளிகளில் இனி யாரும் இரவு தங்கக் கூடாது. வருகிறவர்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டக் கூடாது. அங்கே எழுப்பியிருக்கும் நிரந்தரக் குடில்களை மூன்று மாதத்துக்குள் அகற்ற வேண்டும். உள்ளூர் மேய்ப்பர்களைத் தவிர, வணிக நோக்கில் மந்தை ஓட்டி வருகிறவர்களுக்கு இடமில்லை. 2014இல் இந்தப் பொதுநல வழக்கைத் தொடுத்தது, ஆலி, பேதினி, பாக்ஜி புக்யால்களைக் காக்க அமைந்த ஒரு சமிதி.

அந்தத் தீர்ப்போடு, இந்திய இமயமலையில் ஏராளமானோர் விரும்பி நடந்த பாதை ஒன்று நின்றுபோனது. சமோலி மாவட்டத்தில், திரிசூல் மலைத்தொகுதியின் மடியில், 5,029 மீட்டர் உயரத்தில் கிடக்கும் ரூப்குண்ட் ஏரிக்குச் செல்லும் பாதை அது.

இந்த வழக்கைச் சுற்றுலாவுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நடந்த சண்டையாகவே பலரும் சொல்கிறார்கள். தீர்ப்பையும் பாதையின் உயரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. ஏரிக்குப் போகிறவர் வழியில் சில இரவுகள் தூங்கியே ஆக வேண்டும். அவர் தூங்குவதற்கு வாகான சமதளம் எல்லாம் புல்வெளியாகவே இருக்கிறது. அந்தப் புல்வெளியோ மனிதர்களின் இரவுகளைத் தாங்காது. இந்த மூன்றும் உண்மை. இவற்றை ஒருசேரக் கணக்கில் எடுக்காத எந்த முடிவும் ஏரியையோ புல்லையோ நடப்பவரின் உயிரையோ கைவிட்டுவிடும் என்பதே என் வாதம்.

பாதை

வாகனம் போகும் சாலை முடியும் பகுதியில் லோஹாஜங், வாண் என்ற இரண்டு ஊர்கள். லோஹாஜங் சுமார் 2,300 மீட்டர், வாண் அதைவிடச் சற்று உயரம். லோஹாஜங்கிலிருந்து தித்னா கிராமம் வழியாக ஆலி புக்யாலுக்கு ஏறலாம். வாணிலிருந்து நீல்கங்கை ஓடையைக் கடந்து, ஓக், ரோடோடென்ட்ரான் காடுகளுக்குள் செங்குத்தாக ஏறி, கைரோலி பாதால் என்ற காட்டு முகாமை அடைந்து பேதினி புக்யாலுக்கும் போகலாம். கைரோலி பாதால் சுமார் 3,050 மீட்டர். பேதினி சுமார் 3,400 மீட்டர். காடு சட்டென்று விலக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலையலையாகப் புல். எதிரே திரிசூல், நந்தா குண்ட்டி சிகரங்கள். பேதினியில் ஒரு சிறு குளமும் நந்தா தேவிக்கான சிறு கோயிலும் இருக்கின்றன.

அங்கிருந்து கோடா லௌட்டானி முகட்டைச் சுற்றி நடந்தால் பாதர் நச்சௌனி, சுமார் 3,800 மீட்டர். அதற்கு மேல் ஏற்றம் கடுமையாகிறது. மடித்து மடித்து ஏறும் பாதை, கைல்வா விநாயகர் என்ற பழைய கல் பிள்ளையார் வீற்றிருக்கும் முகட்டைத் தொடுகிறது. அதைத் தாண்டிச் சற்று இறங்கினால் பகுவாபாஸா, சுமார் 4,300 மீட்டர். கல்லும் பாறையுமான இடம். அங்கிருந்து விடியலுக்கு முன் கிளம்பிப் பனிச் சரிவுகளைக் குறுக்கே கடந்துதான் ஏரிக்குப் போக வேண்டும். ஏரிக்கு மேலே கத்திமுனைபோல் நிற்கும் ஜுனார்கலி முகடு. அதைத் தாண்டினால் ஷிலா சமுத்ரா, அதற்கும் அப்பால் ஹோம்குண்ட்.

ஏரி என்று சொல்கிறோமே தவிர, ஏறத்தாழ நாற்பது மீட்டர் குறுக்களவுள்ள ஆழமற்ற குட்டைதான் அது. ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டியாக உறைந்திருக்கும். மே, ஜூனில் ஒரு பருவம், மழைக்குப் பின் செப்டம்பர், அக்டோபரில் ஒரு பருவம் என்று மட்டுமே நடையாளர்கள் அதை நெருங்குவார்கள்.

உடம்பு கேட்கும் இரவுகள்

கடல் மட்டத்தில் நாம் இழுக்கும் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதியைச் சற்றே மிஞ்சிய அளவுதான் 5,000 மீட்டரில் கிடைக்கும். ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, காற்றழுத்தம்தான் குறைகிறது. உடல் அதற்குப் பழகும், ஆனால் அவசரப்படுத்தினால் பழகாது. மூச்சு வேகமாகும், அதனால் இரத்தத்தில் ஏற்படும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சில நாள்களில் சரிசெய்யும். இந்த வேலையில் தூங்கும் இடத்தின் உயரம்தான் முக்கியம். பகலில் எவ்வளவு உயரம் தொட்டுவிட்டு இறங்கினோம் என்பதைவிட, எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே மலைநோயைத் தீர்மானிக்கிறது. தூக்கத்தில் மூச்சு தளர்கிறது, ஆக்சிஜன் இன்னும் இறங்குகிறது.

மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட விதி இது: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும்.

இந்த விதியை ரூப்குண்ட் பாதையின் மேல் வைத்துப் பாருங்கள். கைரோலி பாதால் 3,050, பேதினி 3,400, பாதர் நச்சௌனி 3,800, பகுவாபாஸா 4,300. படிகள் 350, 400, 500. கிட்டத்தட்ட அந்த விதிக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது. பழைய வழிநடையாளர்கள் எந்த மருத்துவக் கையேட்டையும் பார்த்து இந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. தண்ணீரும் சமதளமும் கிடைத்த இடங்களில் தங்கினார்கள், உடம்பும் அதை ஏற்றுக்கொண்டது.

இப்போது பேதினியையும் பாதர் நச்சௌனியையும் நீக்கிவிடுங்கள். கடைசியாகத் தூங்கக்கூடிய இடம் காட்டுக்குள் இருக்கும் கைரோலி பாதால். அங்கிருந்து ஏரிக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் ஏற்றம். ஒரே நாளில் அதை ஏறி இறங்குவது மிகச் சிலரால் முடியலாம். பாதையை நம்பி வரும் சாதாரண மனிதருக்கு அது ஆபத்து. பகுவாபாஸா கல்தரைதானே, அது புக்யால் கணக்கில் வராது என்று வாதிட்டு அங்கே மட்டும் தங்கலாம் என்றாலும், ஒரே இரவில் தூங்கும் உயரம் 1,250 மீட்டர் கூடுகிறது. விதி அனுமதிக்கும் அளவைப்போல் இரண்டரை மடங்கு. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோப்பதற்கு இதைவிடத் தோதான திட்டம் வேண்டியதில்லை.

அப்படி நோய் வந்தால் முதல் மருந்து இறங்குவதுதான். ஆக்சிஜனும் மாத்திரைகளும் நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. இந்தப் பாதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பகுவாபாஸாவில் ஒருவர் நடை தடுமாறி, நேர்கோட்டில் கால் வைக்க முடியாமல் போனால், அவரைக் கீழே கொண்டுபோக முதலில் கைல்வா விநாயகர் முகட்டுக்கு மேலே ஏற்ற வேண்டும். அந்தச் சிறு ஏற்றம் ஆரோக்கியமானவருக்கு ஒன்றுமில்லை. நுரையீரலில் நீர் கோத்தவருக்கு அது பெரிய தண்டனை. ஆகவே பகுவாபாஸாவுக்கு வரும்போதே உடம்பு நன்றாகப் பழகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே நிதானமான இரவுகள் வேண்டும்.

புல் கேட்கும் ஓய்வு

மறுபக்கம் நின்று பார்த்தால் நீதிமன்றம் கவலைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் மனம் அந்தக் கவலையோடுதான் இருக்கிறது.

உயர்மலைப் புல்வெளியின் மண் மெல்லியது. பாறைமேல் ஒரு முழம்கூட இல்லாத இடங்கள் உண்டு. அதைப் பிடித்து வைத்திருப்பது பின்னிப் பிணைந்த வேர்ப்படலம் மட்டுமே. பனி உருகிப் புல் தலை தூக்குவது மே, ஜூனில். மறுபடி உறைபனி விழுவதற்குள் பூத்து, விதைத்து முடித்துவிட வேண்டும். வளரக் கிடைப்பது சில மாதங்கள். அந்தக் குறுகிய காலத்தில்தான் நாமும் கூடாரங்களோடு போகிறோம்.

ஒரு கூடாரம் நின்றால் அடியில் புல் வெளுக்கும். அது மட்டுமென்றால் மீண்டுவிடும். மழைநீர் உள்ளே வராமலிருக்கக் கூடாரத்தைச் சுற்றி வெட்டும் சிறு வாய்க்கால்தான் பெரிய கேடு. வேர்ப்படலம் அங்கே அறுபடுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் அந்த வாய்க்காலைத் தேடி ஓடும். குளிரில் மண்ணுக்குள் நீர் உறைந்து விரிந்து ஓரத்தைத் தளர்த்தும். சில பருவங்களில் அது ஓடையாகி, ஓரம் இடிந்து, மேலிருக்கும் புல்லையும் கீழே இழுக்கும். சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகள் மழையில் நனைந்த பாதையைக் குளம்பால் குழப்ப, அவற்றுக்குப் பின்னால் வருகிறவர்கள் சேற்றைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்லில் நடக்க, ஒரு பாதை ஐந்து பாதையாகும். குளிரில் எதுவும் எளிதில் மக்காது என்பதால் கழிவுக் குழிகளும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஊற்று அதற்குக் கீழேதான் இருக்கிறது.

கெட்டுப்போன புக்யாலைச் சீர்செய்வது எவ்வளவு பாடு என்பதற்கு உத்தர்காசி மாவட்டத்துத் தயாரா புக்யாலில் நடந்த வேலை சாட்சி. அங்கே வனத்துறை, அரித்த ஓடைகளில் பைன் ஊசியிலைகளை உருட்டிக் கட்டித் தடுப்பணை போட்டது. மூங்கில் முளைகளை அடித்து, தென்னை நார் வலைகளைச் சரிவின்மேல் விரித்தது. நார் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும்போது புல் வேரூன்ற வேண்டும் என்பது திட்டம். தென்னை வளராத மலையில் தென்னை நார் மண்ணைக் காப்பது மனத்துக்கு இதமான செய்திதான். ஆனால் ஒவ்வொரு சுருளும் ஆள் சுமந்து மேலே போக வேண்டியிருந்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

நடையாளர்கள் மட்டும் இரவு தங்குவதில்லை. பனி உருகும் பருவத்தில் கீடா ஜடி எனும் பூஞ்சையைத் தேடி, விலை கருதி, இமயமலைக் கிராமத்தவர் புல்வெளிகளிலேயே வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்கள் விறகும் அங்கிருந்துதான் வருகிறது. புல்லுக்கு யாருடைய இரவு என்ற பேதம் தெரியாது. கணக்கெடுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏரியில் கிடந்தவர்கள்

இத்தனை பேர் இந்தக் குட்டையைத் தேடி வந்ததற்குக் காரணம் எலும்புகள். 1942இல் ஹரி கிருஷ்ண மத்வால் என்ற வனச்சரகர் ஏரிக்கரையில் மனித எலும்புக்கூடுகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள். போர்க்காலம் அது, ஊடுருவ வந்த ஜப்பானியப் படை என்று முதலில் சந்தேகம் எழுந்தது. எலும்புகள் பழையவை என்று தெரிந்ததும் வேறு கதைகள் வந்தன: திபெத்துக்குப் படையெடுத்த ஜோராவர் சிங்கின் வீரர்கள், முகம்மது பின் துக்ளக்கின் படை, கொள்ளைநோயில் மாண்ட வணிகர் கூட்டம்.

மலைக்காரர்களிடம் வேறொரு கதை இருந்தது. கனோஜ் அரசன் ஜஸ்தவல், கருவுற்ற அரசியோடும் பரிவாரத்தோடும் நந்தா தேவியைத் தரிசிக்கப் புறப்பட்டான். புனிதப் பாதையில் நடனப் பெண்களையும் கூட்டிவந்தான். பாதர் நச்சௌனியில் ஆடியவர்கள் கல்லானார்கள். எஞ்சியவர்கள் மீது தேவி இரும்புபோல் கெட்டியான ஆலங்கட்டிகளைப் பொழிந்தாள்.

2004இல் ஏரிக்குப் போன ஆய்வுக் குழு அந்தக் கதைக்கு அருகில் வந்தது. சில மண்டையோடுகளில் வட்டமான, ஆறாத விரிசல்கள் இருந்தன. ஆயுதம் வெட்டிய கோடு இல்லை. மேலிருந்து உருண்டையான ஏதோ ஒன்று விழுந்த அடி. ஆக்ஸ்ஃபோர்டில் செய்த கரிமக் காலக்கணிப்பு, கி.பி. 850ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. கிரிக்கெட் பந்தளவு ஆலங்கட்டிகள் என்று முடிவு கட்டினார்கள். வானிலை நோக்கில் இதில் வியப்பில்லை. காலையில் வெயில் சரிவுகளைச் சூடாக்க, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலேறித் திரிசூலின் சுவரில் மோதி, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. சமவெளியில் ஆலங்கட்டி விழும் வழியிலேயே உருகிச் சிறுத்துவிடும். 5,000 மீட்டரில் உருக வாய்ப்புக் குறைவு, மெலிந்த காற்று அதன் வேகத்தை அவ்வளவாகத் தடுப்பதுமில்லை. ஒளிய மரமில்லை, குகையில்லை. அதனால்தான் நல்ல வழிகாட்டி எவரும் நண்பகலுக்கு மேல் ஏரிக்கரையில் ஆளை நிற்கவிடுவதில்லை.

2019 ஆகஸ்டில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு கதையை மறுபடி கலைத்தது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்தின் நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலியோர் 38 பேரின் மரபணுக்களைப் படித்தார்கள். 23 பேர் தெற்காசியர். அவர்களுடைய காலம் ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டியது, அவர்களும் ஒரே நாளில் இறந்தவர்களாகத் தெரியவில்லை. 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி மரபினர், இன்றைய கிரேக்க, கிரீட் மக்களுக்கு நெருக்கமானவர்கள். அவர்கள் இறந்தது ஏறத்தாழ 1800ஐ ஒட்டி. ஒருவர் தென்கிழக்காசிய மரபினர், அவரும் அந்தப் பிந்தைய காலத்தவரே. ஆண்களும் பெண்களும் கலந்திருந்தார்கள், ஆகவே படை இல்லை. நெருங்கிய உறவினர் யாருமில்லை, ஆகவே குடும்பக் கூட்டமும் இல்லை. நோய்க்கிருமியின் தடயமும் கிடைக்கவில்லை. முந்தைய குழுவினரில் சிலராவது யாத்திரிகர்கள் என்பதற்கு, வழியிலுள்ள கோயில்களில் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான கல்வெட்டுகள் துணை நிற்கின்றன. கிரேக்கக் கடற்கரை மரபினர் பதினான்கு பேர் இமயமலைக் குட்டைக்கு ஏன் வந்தார்கள் என்பது ஆய்வாளர்களுக்கே பிடிபடாத புதிர்.

ஒரே புயல், ஒரே அரசன், ஒரே நாள் என்ற கதை இனி நிற்காது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு மனிதர்களை அதே இடம் கொன்றிருக்கிறது. எலும்புகளில் பலவற்றை வந்தவர்கள் நினைவுப் பொருளாகத் தூக்கிப் போய்விட்டார்கள். கிடப்பவற்றையும் பாறைச்சரிவும் மனிதக் கையும் இடம் மாற்றிவிட்டன. எந்த எலும்புக்கூடும் இறந்த நிலையில் முழுதாகக் கிடைக்கவில்லை. யார் எங்கே, எப்படி விழுந்தார் என்று இனி யாராலும் வாசிக்க முடியாது. இது இந்தப் பாதையில் நடந்த மிகப் பெரிய திருட்டு என்றே நினைக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை

நந்தா தேவி ராஜ் ஜாத் என்ற யாத்திரை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கர்ணப்பிரயாகைக்கு அருகிலுள்ள நௌடி கிராமத்தில் புறப்படுகிறது. நான்கு கொம்புள்ள ஆட்டுக்கிடாய் முன்னே செல்ல, சுமார் 280 கிலோமீட்டர், மூன்று வாரம். நந்தா தேவியை மகளாக எண்ணி, பிறந்த வீட்டிலிருந்து கைலாசத்துக்கு, புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் நடை. வாண்தான் கடைசி ஊர். அங்கே நந்தாவின் சகோதரனாகக் கருதப்படும் லாட்டு தேவதையின் கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே திறக்கும் கோயில், பூசாரி கண்ணையும் வாயையும் கட்டிக்கொண்டு உள்ளே போவார். வாணுக்கு மேலே வருபவை ஆளில்லாத் தங்கல்கள் என்று யாத்திரை மரபே பிரித்து வைத்திருக்கிறது. பேதினி, பாதர் நச்சௌனி, ரூப்குண்ட், ஜுனார்கலி, ஷிலா சமுத்ரா தாண்டி ஹோம்குண்டில் கிடாயைத் திரிசூலின் திசையில் அனுப்பிவிட்டுத் திரும்புகிறார்கள். கடைசியாக இது நடந்தது 2014இல்; 2013 வெள்ளப் பேரழிவால் தள்ளிப்போனது.

யாத்திரை புல்லை மிதிக்காது என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் பேதினியில் தங்கினால் புல் மடியும். ஆனால் அதற்குப் பின் நீண்ட ஓய்வு உண்டு. வணிக மலையேற்றம் அந்த ஓய்வை அழித்தது. ஒவ்வொரு பருவத்திலும், ஒவ்வொரு வாரமும், அதே சமதளத்தில் அதே கூடார வரிசை. கெடுதியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தீர்ப்பின் குறையும் அங்கேதான் தெரிகிறது. 200 என்பது வருகிறவர்களின் எண்ணிக்கை. எத்தனை இரவு, எந்தத் தரையில், எத்தனை ஆண்டு இடைவெளியில் என்பதை அது கேட்கவில்லை. அரசு ஆண்டுக்கணக்கில் செய்யாததை நீதிமன்றம் ஓர் ஆணையால் செய்ய வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் முழுத்தடை வந்ததில் நியாயம் இருந்தது. அதன் சுமை வாண், தித்னா, லோஹாஜங் ஊர்களின் சுமைதூக்கிகள்மீதும் சமையற்காரர்கள்மீதும் வழிகாட்டிகள்மீதும் விழுந்தது. நடையாளர்கள் லோஹாஜங்கிலிருந்தே கிளம்பும் பிரம்மதால் பாதைக்கும் வேறு மாவட்டங்களுக்கும் திரும்பினார்கள். நெருக்கடி இடம் மாறியது.

என் யோசனை இது. வருகை எண்ணிக்கையை விட்டுவிட்டு இரவுகளை எண்ண வேண்டும். முதல் இரவு கைரோலி பாதால் காட்டில். கடைசி இரவு பகுவாபாஸா கல்தரையில். இடையில் கட்டாயம் தேவைப்படும் இரண்டு இரவுகளுக்கு, பேதினி, பாதர் நச்சௌனிச் சரிவுகளில் ஏற்கெனவே புல் அழிந்து கல் தெரியும் இடங்களை மட்டும் அளந்து குறிக்கலாம். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவதைக் குற்றமாக்க வேண்டும். பேதினிக்கு மேல் கழுதை வேண்டாம், மனிதச் சுமையாளர்கள் போதும். அவர்களுக்குக் கூலியும் கூடும், குழுவும் தானாகச் சிறுக்கும். மலக்கழிவை மூடிய கலங்களில் கீழே இறக்க வேண்டும். ஒரு பருவம் நடந்தால் சில பருவம் மூட வேண்டும், எத்தனை என்பதைப் புல்லை அளந்து தீர்மானிக்கலாம். அனுமதிச் சீட்டும் கட்டணமும் கணக்கும் வாண் கிராமத்தவர் கையில் இருக்க வேண்டும். வழக்குப் போட்டவர்களே அந்த மலையைச் சேர்ந்தவர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. கீடா ஜடி எடுப்பவர்களின் இரவுகளும் அதே கணக்கேட்டில் ஏற வேண்டும்.

இவை எதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பேதினியிலும் ஆலியிலும் 2018 முதல் கூடாரம் விலகிய இடங்களில் புல் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று சதுரம் சதுரமாக அளந்து, எண்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பாதையைத் திறக்கச் சொல்பவர்களும் மூடியே வைக்கச் சொல்பவர்களும் அந்த எண்களை வைத்துப் பேசட்டும்.